நாரையம்மாவின் ஐம்பத்து நான்கு

ரேஸ் சைக்கிள் கடையில் நாரையம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விடிந்தால் ஏரியைச் சுற்றிப் பந்தயம். பழைய கம்பெனி சைக்கிளில் அவள் ஃபிரேம் அளவு ஐம்பத்து நான்கு. இந்தப் புதுக் கம்பெனியின் ஐம்பத்து நான்கில் கால் தரைக்கு எட்டவில்லை.

"கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும்க்கா. இதுல உங்களுக்கு ஐம்பத்திரண்டுதான் சரி," என்றது கடைக்காரக் குரங்கு.

"யாரைப் பாத்து ஐம்பத்திரண்டுங்கறே? அது கொக்குங்க ஓட்டுறது. நான் நாரைடா."

அவள் தண்ணீர் குடிக்கத் திரும்பியபோது குரங்கு ஐம்பத்திரண்டு சைக்கிளின் அளவு ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு, ஐம்பத்து நான்கு என்று எழுதி ஒட்டியது.

நாரையம்மா ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு அதில் ஏறி நின்றாள். இரண்டு பாதமும் தரையில் அழுந்தப் பதிந்தன. கோபம் இன்னும் கூடியது.

"இதை உள்ளே ஒளிச்சு வச்சுக்கிட்டுத்தானே, இவ்வளவு நேரம் கொக்கு சைக்கிளை என் தலையில கட்டப் பாத்தே?"