இடப்பக்கக் கண்ணாடி

"சைடு மிரர் மாட்டக் கூலி வேண்டாமா?" பழைய காரின் சொந்தக்காரருக்கு வாயெல்லாம் பல்.

"இந்த மாடலுக்கு மட்டும் வாங்கறதில்லை சார். இடது பக்கம் எப்படி உடைஞ்சுது?" என்றார் மெக்கானிக்.

"வீட்டு கேட்டுல இடிச்சிட்டேன். அப்புறம் நாலு வருஷமா ஷெட்லயே கிடந்துச்சு. இப்பதான் விக்கலாம்னு எடுத்தேன்."

மெக்கானிக் புதுக் கண்ணாடியைப் பிரிக்கவில்லை. டிராயரிலிருந்து, துணியில் சுற்றிய கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்தார். சட்டத்தில் மிச்சமிருந்த உடைசலோடு சேர்த்து வைத்தார். விளிம்போடு விளிம்பு கச்சிதமாகப் பொருந்தியது.

சொந்தக்காரர் ஓர் எட்டு பின்வாங்கினார். "இது... உங்களுக்கு ஏது?"

"என் பொண்டாட்டி அடிபட்டுச் செத்துக் கிடந்த ரோட்டுல பொறுக்கினேன் சார். இதுவரைக்கும் முப்பத்தாறு காருக்குச் சும்மா மாட்டிக் கொடுத்திருக்கேன். ஒண்ணுலயும் இது பொருந்தலை."