ஆறிய பால்

காசநோயிலிருந்து தேறி மறுபடி தறியில் உட்கார்ந்த சௌடையாவுக்கு அருப்புக்கோட்டைத் தெருவெல்லாம் ஒரே பேச்சுதான். "முட்டை, கறி தின்னாத்தான் தெம்பு வருமாக்கும்? நான் பாலு குடிச்சே எந்திரிச்சேன்!"

மனைவி நாகமணி பாலை எப்போதும் ஆற்றித்தான் தருவாள். அன்று அவள் கிணற்றடிக்குப் போயிருந்ததால், அவள் செம்பில் கலந்து வைத்திருந்த பாலை அவரே சட்டியில் ஊற்றி அடுப்பில் வைத்தார். பால் கட்டி கட்டியாகத் திரண்டது.

சட்டியோடு பக்கத்து வீட்டுப் பால்காரி சவுந்தரத்திடம் பாய்ந்தார். "நோயாளி குடிக்கிற பால்ல என்னத்தைக் கலந்த?"

சவுந்தரம் தலைகுனிந்தாள். "நான் கலக்கலண்ணே. அது முட்டை, சூட்டுல வெந்துருச்சு. டாக்டர் சொன்னாருன்னு மதினி தினமும் எங்கிட்டதான் வாங்கிட்டுப் போவாக."

பாவு நூலை மிதித்ததென்று நேற்று அவர் கல்லெறிந்து காலொடித்த சவுந்தரத்தின் பெட்டைக்கோழி, நொண்டிக்கொண்டே அவரைக் கடந்து போனது.