போகியில் எரிந்தவன்

அருங்காட்சியகத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் சின்ன விளக்கு எரிகிறது. அதன் கீழே, சேகரிப்பவர்கள் பெரும் விலை கொடுத்து வாங்கும், நிறம் மங்கிய பேஸ்பால் அட்டையில், மட்டையைத் தோளில் சாய்த்தபடி ஓர் ஆட்டக்காரன் சிரிக்கிறான். பதிமூன்று வயது ஓவியா அந்தக் கண்ணாடியை இரண்டு முஷ்டிகளாலும் குத்துகிறாள். "யூ பர்ன்ட் ஹிம்!" என்று அம்மாவைப் பார்த்துக் கத்துகிறாள். பக்கத்து வீட்டுக் கிழவர் அவளுக்குக் கொடுத்த பெட்டியில் இதே அட்டை இருந்தது. போன வாரம் போகிக்கு, பிரிட்ஜ்வாட்டர் ஊரில் அவர்கள் வீட்டின் பின்புறம், அம்மா கண்மணிதான் அதைப் பெட்டியோடு தீயில் போட்டாள். "பழைய குப்பைன்னு நெனச்சேன்டி! கைய எடு, எல்லாரும் பாக்கறாங்க!" கண்மணி மகளின் முடியைப் பிடித்து இழுத்து அறைகிறாள். ஓவியா திமிறிக்கொண்டு மறுபடி குத்துகிறாள். விரல் முட்டி கிழிந்து கண்ணாடியில் ரத்தம் வழிகிறது. கண்மணி பதறிப்போய் ஸ்வெட்டர் கையால் துடைக்கிறாள். துடைக்கத் துடைக்க அது பரவுகிறது. அன்று தீயில் சிவந்ததைப் போலவே, சிரித்துக்கொண்டே, கண்ணாடிக்குள் அவன் முகம் சிவக்கிறது.