நானூற்றுப் பன்னிரண்டில் ஒன்று

இருநூற்று ஆறாவது துப்பாக்கியிலும் எண்கள் பொருந்தவில்லை.

உடலில் ஓர் எண். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டின் கைப்பிடியில் வேறோர் எண்.

அவள் டார்ச்சை அடுத்ததற்கு நகர்த்தினாள்.

ஆயுதப்படை வளாகத்தின் பின்புறம், பத்து வருடமாகப் பூட்டிக் கிடந்த அறை. உள்ளே பழைய ராணுவ ரைஃபிள்கள், நானூற்றுப் பன்னிரண்டு. கிரீஸும் எலிப்புழுக்கையும் கலந்த வாடை.

நாளைக் காலை எல்லாம் உலைக்குப் போகின்றன.

ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள சாலமோனுக்கு அனுமதி கிடைத்திருந்தது. சொந்தமாக ஒரு சிறிய அருங்காட்சியகம் வைத்திருப்பவர். அவர் எடுப்பதைச் சோதித்துக் கையெழுத்திடத்தான் தடய அறிவியல் ஆய்வகம் அவளை அனுப்பியிருந்தது.

அவருக்கு இரண்டு எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறந்த அன்று மாட்டிய போல்ட் அப்படியே இருக்க வேண்டும். அப்படி ஒன்று இல்லையென்றால் எதுவும் வேண்டாம்.

வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த ஏட்டு பரமானந்தம் காரணத்தை மறைக்கவில்லை.

"ஆயுத பூஜைக்கு மொத நாளு எல்லா போல்ட்டையும் கழட்டி ஒரே டிரம்முல மண்ணெண்ணெய்ல போட்டுருவோம் மேடம். தொடச்சு, கைக்கு வந்தத மாட்டி, சந்தனம் குங்குமம் வைப்போம். ரூமப் பூட்டுறதுக்கு முன்னால நான் பதிமூணு பூஜை பாத்தேன்."

"ஆஸ்பத்திரில பிள்ளைய மாத்துன கதையால்லா இருக்கு, ஏட்டையா," என்றார் சாலமோன்.

"எல்லாப் பிள்ளையும் ஒண்ணுபோலதான சார் இருந்துச்சு."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தாள்.

கல்லூரியில் படித்த கணக்கு ஒன்று நினைவில் இருந்தது. எத்தனை துப்பாக்கிகள் இருந்தாலும் சரி. போல்ட்டுகளைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாட்டினால், சராசரியாக ஒன்று தன் சொந்த உடலுக்கே திரும்பிவிடும்.

பத்திலும் ஒன்று. பத்தாயிரத்திலும் ஒன்று.

அவர்களிடம் சொல்லலாமா என்று நினைத்தபடியே அடுத்ததற்கு நகர்ந்தாள்.

முந்நூறாவதில் சாலமோன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துவிட்டு ஒரு காலிப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"விடும்மா. நமக்குக் கொடுத்துவைக்கல."

அவள் விடவில்லை. அந்த ஒன்று இங்கே இருந்து, யாரும் பார்க்காமல் நாளை உருகிப்போனால், இருந்தது என்பதே யாருக்கும் தெரியாது.

முந்நூற்று எண்பத்தெட்டு.

உடலில் ஏழு, நான்கு, ஒன்று, ஒன்பது.

கைப்பிடியில் கிரீஸைச் சுரண்டினாள்.

ஏழு. நான்கு. ஒன்று.

ஒன்பது.

டார்ச் நகராமல் நின்றதைப் பார்த்துத்தான் சாலமோன் எழுந்து வந்தார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார். துப்பாக்கியைக் கைக்குழந்தையைப் போல மேசைக்குத் தூக்கிச் சென்று வைத்தார்.

போல்ட்டை இழுத்தார். அசையவில்லை.

"அது வராது சார்," என்றார் ஏட்டு வாசலிலிருந்து. "நான் வந்த நாள்லருந்தே இறுகித்தான் கெடக்கு. அத மட்டும் கழட்டாம, அப்படியே பொட்டு வச்சு விட்டுருவோம்."

அவளுக்குச் சப்பென்று ஆனது.

அந்த போல்ட் திரும்பி வரவில்லை. போகவே இல்லை.

சாலமோனுக்கு அதனால் ஒன்றும் குறையவில்லை. கைபேசியில் படம் எடுத்துக்கொண்டே இருந்தார். "எங்க வேணும்னாலும் கையெழுத்து போடுதேன், சொல்லும்மா."

ஏன் இறுகியது?

துருவாக இருக்கலாம். ஆனால் பக்கத்தில் கிடந்தவை எல்லாம் இதே ஈரத்தில்தான் கிடந்தன.

பையிலிருந்து பித்தளைக் கம்பியை எடுத்தாள். முதலில் பக்கத்துத் துப்பாக்கியின் குழலில், வாய்வழியாக அடிவரை விட்டாள். வாயின் விளிம்பு வந்த இடத்தில் கம்பியில் பேனாவால் கோடு போட்டாள்.

பிறகு இதன் பக்கவாட்டில் நின்று, இதற்குள் விட்டாள்.

கம்பி மெல்ல இறங்கியது. நின்றது.

கோடு வெளியே இருந்தது.

வெளியே எடுத்து, மறுபடியும் விட்டாள். அதே இடம். ஒரு விரல் நீளம் குறைந்தது.

"என்ன மேடம், உள்ள குளவி கூடு கட்டிருக்கா?" ஸ்டூலில் இருந்தபடியே ஏட்டு கேட்டார். குழலின் வாய் அவர் பக்கம் இருந்தது.

அவள் கம்பியைக் குழலுக்குள்ளேயே விட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் துப்பாக்கியைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். மெதுவாக. மிக மெதுவாக.

"ரெண்டு பேரும் வெளிய போயிருங்க சார்."

சாலமோன் சிரித்தார். "எதுக்கும்மா?"

ஏட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருந்த கம்பியைப் பார்த்தார். வாய்க்கும் கோட்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்தார்.

அந்த நீளம் அவருக்குத் தெரியும். ஒரு தோட்டாவின் நீளம்.

ஸ்டூல் சத்தம் போடாமல் எழுந்தார்.