மாப்பிள்ளையின் பகல் தூக்கம்

"பட்டப்பகல்ல இழுத்துப் போத்திக்கிட்டுப் படுத்திருக்கான்ப்பா உன் மாப்பிள்ளை. உன் தங்கச்சி வயித்துத் தையல்கூட ஆறாம அடுப்படியில நிக்குது. கேக்க ஆளே இல்லையா?"

தங்கை குடியிருக்கும் சுங்கை லாலாங்கிலிருந்து பாப்பம்மா அத்தை போனில் சொன்னதுமே காளிதாசனுக்கு உச்சந்தலை சூடேறிவிட்டது. சுங்கைப் பட்டாணியில் டயர் கடை வைத்திருக்கிறவன் அவன். கையிலிருந்த ஸ்பேனரைப் போட்டான். கடையை இழுத்துச் சாத்தினான். மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தான்.

விடாத மழை. எலும்பைத் தொடும் ஈரக்காற்று.

வழியெல்லாம் அவனுக்கு ஒரே யோசனை. குழந்தை குறைமாதத்தில் பிறந்து, ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து, இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறது. இந்த நேரத்தில் ஒரு தகப்பன் வேலைக்கும் போகாமல் தூங்குவானா?

தோட்டத்துப் பழைய பலகை வீடு. உள்ளே நுழைந்ததும் தங்கை வாசுகிதான் கண்ணில் பட்டாள். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே! இந்த மழையில எப்படி வந்தீங்க?"

"அவன் எங்க?"

"மெதுவாண்ணே... ரூம்ல படுத்திருக்காரு."

"வேலைக்குப் போகல?"

"சம்பளம் இல்லாத லீவு போட்டிருக்காரு."

"லீவு போட்டுட்டு படுத்திருக்கானா?"

"ஐயோ, சொல்றதைக் கேளுங்கண்ணே..."

கேட்க அவன் நிற்கவில்லை. அறைக் கதவைத் தள்ளினான். அடியில் துணி அடைத்திருந்ததால் லேசில் நகரவில்லை. தோளால் ஓர் இடி இடித்தான்.

உள்ளே கும்மிருட்டு. பலகை இடுக்கெல்லாம் பிஸ்கட் அட்டையை வைத்து ஆணி அடித்திருந்தது. ஜன்னலை லாரி கான்வாஸ் மூடியிருந்தது. கூரைக்கும் சுவருக்கும் நடுவே அரிசிச் சாக்குகள் திணிக்கப்பட்டிருந்தன.

பகலில் தூங்க இத்தனை ஏற்பாடா!

கட்டிலில், முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்திருந்தான் லோகேஸ்வரன். கழுத்து வரை போர்வை. சட்டையில்லாத தோள் மட்டும் தெரிந்தது.

"எழுந்திருடா!"

மாப்பிள்ளை என்ற மரியாதையெல்லாம் மழையோடு போயிற்று.

லோகேஸ்வரன் அசையவில்லை. "மச்சான், முதல்ல கதவைச் சாத்துங்க. காத்து வருது" என்றான் ரகசியம்போல.

"துரைக்குக் குளிருதோ? என் தங்கச்சி அங்க வயித்தைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறா..."

கையை ஓங்கிக்கொண்டு போன காளிதாசன், கட்டில் பக்கத்தில் தொங்கிய சாரோங் துணித் தொட்டிலைப் பார்த்தான்.

காலி.

ஓங்கிய கை அப்படியே நின்றது.

"பிள்ளை எங்க?" கதவுப் பக்கம் திரும்பினான். "வாசுகி... பிள்ளை எங்கம்மா?"

லோகேஸ்வரன் போர்வையை ஒரு சாண் கீழே இறக்கினான்.

அவனுடைய வெற்று மார்பில், பூனைக்குட்டி மாதிரி ஒட்டிக்கிடந்தது குழந்தை. தலையில் ஒரு கம்பளித் தொப்பி. கன்னம் தகப்பன் நெஞ்சில் அழுந்தி, வாய் லேசாகத் திறந்திருந்தது.

"உடம்புல சதையே இல்ல மச்சான். சூட்டைப் பிடிச்சு வச்சிக்க இவளுக்குத் தெரியல. வீட்டுக்கு வந்த அன்னிக்கே கை காலெல்லாம் சில்லிட்டுப் போச்சு."

வாசுகி பின்னால் வந்து நின்றாள்.

"கரிச்சட்டி வச்சா புகை நெஞ்சுக்கு ஆகாது, சுடுதண்ணி போத்தல் வச்சா தோல் வெந்துரும்னு கிளினிக் நர்ஸ் மிஸி சொல்லிட்டாங்க. ஓட்டையெல்லாம் அடைச்சும் எங்கிருந்தோ காத்து வருதுண்ணே. அம்மாவோ அப்பாவோ உடம்போட உடம்பா ஒட்டி வச்சிக்கங்க, அந்தச் சூடு காசு குடுத்தாலும் கிடைக்காதுன்னாங்க. எனக்குத் தையல்ல சீழ் வச்சிருச்சு, ரொம்ப நேரம் தாங்க முடியல. பால் குடிக்கிற நேரம் போக எல்லாம் அவருதான்."

"அப்ப இவரு தூங்குறது?"

"எங்கண்ணே தூங்குறாரு? கண்ணசந்தா பிள்ளை நழுவிடுமோன்னு பயம்."

அப்போதுதான் காளிதாசன் லோகேஸ்வரனின் முகத்தைச் சரியாகப் பார்த்தான். பல நாள் தாடி. ரத்தமாகச் சிவந்த கண்கள்.

"ஆனா எடை ஏறியிருக்கு மச்சான்" என்றான் லோகேஸ்வரன். சிரிக்கக்கூட மெதுவாகத்தான் சிரித்தான்.

காளிதாசன் மழைக்கோட்டைக் கழற்றினான். வெளியே போனான். டயர் கறை போக சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்தான். ஈரம் துவட்டிக்கொண்டு அடுப்பருகே நின்று கையையும் மார்பையும் சூடாக்கிக்கொண்டான். சட்டையில்லாமல் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினான். அடியில் துணியை இறுக்கி அடைத்தான்.

"என்ன மச்சான் இது?"

"தாய்மாமன் உடம்புச் சூடு பிள்ளைக்கு ஆகாதா?"

"ஆகும் மச்சான், ஆனா..."

"அப்ப குடுங்க. நீங்க போய் ரெண்டு வாய் கஞ்சி குடிச்சிட்டுப் படுங்க."

கை மாறியபோது குழந்தை முனகியது. காளிதாசன் மூச்சையே நிறுத்திவிட்டான். குட்டி விரல்கள் அவன் மார்பைத் தேடி அளைந்தன. பிடித்துக்கொண்டன. பிறகு அமைதி.

கூடத்தில், பாதிக் கஞ்சியோடு சுவரில் சாய்ந்த லோகேஸ்வரன் அப்படியே தூங்கிப்போனான்.

பொழுது சாயும் நேரத்தில் திடுக்கிட்டு விழித்தவன் அறைக்குள் ஓடிவந்தான்.

"மச்சான், கடையைப் போட்டுட்டு இங்கேயே இருக்கீங்களே! எழுந்திருங்க, நான் பார்த்துக்கிறேன்."

போர்வைக்குள்ளிருந்து ரகசியமாக வந்தது குரல்.

"சத்தம் போடாதீங்க மாப்பிள்ளை. இன்னிக்கு நான் எழுந்திரிக்கிறதா இல்ல."