செத்தவள் பின்னிய கூடை

அந்த நாடகத்தில் சகாயராணிக்குப் பிண வேடம். முதல் காட்சியிலேயே செத்துப்போகும் தாயாக, கடைசிவரை மேடை நடுவில் கிடக்க வேண்டும். நாடகம் எந்த மாதம் இருக்கும், எந்த மாதம் நின்றுபோகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் வீட்டில் ஒயர் கூடை பின்னி விற்றாள். அன்றைக்கு ஒரு கல்யாண வீட்டுத் தாம்பூலக் கூடைகளைப் பின்னிய கையோடு வந்து மேடையில் படுத்தாள். நெஞ்சின் மேல் கோத்திருந்த விரல்கள், பாவம், அவளுக்கே தெரியாமல் இல்லாத ஒயரை இழுத்து முடிச்சுப் போடத் தொடங்கிவிட்டன.

திரை விழுந்ததும் இயக்குநர் வேதமுத்து பாய்ந்து வந்தார். "செத்தவ எங்கயாச்சும் கூடை பின்னுவாளா? இதுக்கு ஒரு பொம்மையக் கிடத்தியிருப்பேனே."

"மன்னிச்சிடுங்கண்ணே. கை அதுபாட்டுக்குப் போயிருச்சு."

வெளியே சனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். செத்தும் அந்தத் தாயின் கை ஓயவில்லையே என்று பேசிக்கொண்டது வேதமுத்துவின் காதிலும் விழுந்தது.

"நாளைக்கும் அப்படியே செய்யி. இல்லன்னா பொம்மைதான்," என்றார்.

மறுநாள் படுத்தாள். முந்தின நாள் பேச்சு ஊரெல்லாம் பரவியிருந்ததால் கூடியிருந்த அத்தனை பேரும் அவள் கையையே பார்த்தார்கள். எந்த விரல் முதலில் வளையும் என்று யோசித்தாள். யோசிக்க யோசிக்க விரல்கள் விறைத்துக்கொண்டே போயின. அவள்மேல் விழுந்து அழுதுகொண்டிருந்த மகன் வேடக்காரன், ஒப்பாரிக்கு நடுவே காதோடு சொன்னான்:

"பின்னுங்கக்கா. அவரு பாக்குறாரு."