மதினிக்குத் தொண்டைக்கட்டு

"ஏத்தா அனிதா, நல்லாக் கேட்டுக்க. வீட்டுக்குள்ள வந்ததும் புள்ளையக் கொண்டாந்து என்கிட்ட நீட்டிராத. அவன இப்பத்தான் மொதத் தடவையாப் பாக்குற மாதிரி நான் முழிப்பேன். நீயும் கூடச் சேந்து முழிக்கணும்."

குளியலறைக் கதவைச் சாத்தி, குழாயையும் திறந்துவிட்டு, ஜெபஷீலா போனில் கிசுகிசுத்தாள்.

"மலை எறங்கி லோயர் கேம்ப் தாண்டிட்டோம் மதினி. ஒண்ணும் ஆகாது, பயப்படாதீக" என்றாள் அனிதா மேரி.

பயப்படாமல் எப்படி? அனிதா, ஜெபஷீலாவின் கணவர் இமானுவேலுக்கு ஒரே தங்கை. தாய் தகப்பன் போன பிறகு அவர்தான் அவளை வளர்த்து, நர்சிங் படிக்க வைத்து, பிரான்சுக்கு வேலைக்கும் அனுப்பிவைத்தார். அங்கே கூட வேலை பார்த்த ஜூலியனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட பிறகுதான் அவள் அண்ணனுக்கு விஷயத்தைச் சொன்னாள். அன்றைக்கு இமானுவேல் வீடு அதிரக் கத்தினார்.

"இந்த வீட்டுல எவளாச்சும் அவகூடப் பேசுனா, போனைப் பிடுங்கி முல்லையாத்துல வீசிருவேன்!"

வீட்டில் இருந்த 'எவளாச்சும்' ஜெபஷீலா ஒருத்திதான். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தாள். அதற்கு மேல் முடியவில்லை. அவர் திராட்சைத் தோட்டத்துக்குக் கிளம்பியதும் போனை எடுக்க ஆரம்பித்துவிட்டாள். நாத்தனார் மகன் லூக்கா பிறந்தது, குப்புற விழுந்தது, முதல் எட்டு வைத்தது எல்லாம் வீடியோவில்தான் பார்த்தாள். இப்போது அவனுக்கு ஒன்றேகால் வயது. அத்தை முகம் தெரிந்தால் போதும், போனைப் பிடுங்கி முத்தம் கொடுப்பான்.

கேரளாவைச் சுற்றிப்பார்க்க வந்தவர்கள், ஈஸ்டர் விடுமுறைக்குக் கம்பத்துக்கு வந்து தங்கலாமா என்று பங்குச்சாமியார் மூலமாகக் கேட்டார்கள். இமானுவேல் மோட்டுவளையைப் பார்த்தபடி, "வரட்டும்" என்றார். "ஆனா நான் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேன். புள்ளையவும் தொட மாட்டேன்."

அந்த 'வரட்டும்' தன்னுடைய நவநாள் ஜெபத்தின் பலன் என்று ஜெபஷீலா மெழுகுவர்த்தி ஏற்றினாள். ஆனால் குழந்தை அவளைக் கண்டதும் தாவினால் கதை கந்தல். இத்தனை நாளும் பெண்டாட்டி தன்னை ஏய்த்தாள் என்று தெரிந்தால், மனுஷன் வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்.

அதனால் அவள் முன்னேற்பாட்டில் இறங்கினாள். குழந்தைக்குப் பழகிப்போன சிவப்பு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி பீரோவில் வைத்தாள். முந்தானையை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டாள். குரல் காட்டிக்கொடுத்துவிடுமே? கழுத்தில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு, தொண்டை கட்டிவிட்டதென்று கணவரிடம் சைகை காட்டினாள்.

அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. தலையையும் தாடையையும் துண்டால் சுற்றிக்கொண்டு, நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். இன்னும் கோபம் ஆறவில்லை போலிருக்கிறதே என்று அவள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

கார் வந்து நின்றது.

"அண்ணே..." வாசலிலேயே அனிதாவுக்குக் குரல் உடைந்தது. சுவரைப் பார்த்த முதுகு அசையவில்லை.

"வணக்கம் மச்சான்!" என்றான் ஜூலியன், வழியெல்லாம் ஒப்பித்துக்கொண்டு வந்த தமிழில். துண்டு சுற்றிய தலை லேசாக ஆடியது. அவ்வளவுதான்.

புது இடத்தைக் கண்ட லூக்கா வீறிட்டு அழுதான். அவனைத் தூக்க ஜெபஷீலாவுக்குக் கை பரபரத்தது. முக்காட்டை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டு அடுப்படிக்குள் ஓடிப்போனாள். கண்ணாடி இல்லாததால் எல்லா டப்பாவும் ஒரே மாதிரி தெரிந்தது. குத்துமதிப்பாக ஒன்றைத் திறந்து, அள்ளிப் போட்டுக் காபி கலந்து கொண்டுவந்து கொடுத்தாள்.

ஜூலியன் ஒரு மடக்குக் குடித்தான். கண்கள் விரிந்தன. "ரொம்ப... நல்லா இருக்கு" என்று மீதியையும் மூச்சைப் பிடித்துக் குடித்து முடித்தான்.

இமானுவேல் துண்டைச் சற்று விலக்கி ஒரு வாய் வைத்தார். அடுத்த நொடி காபி சுவரில் தெறித்தது.

"ஏய் ஷீலா! காபியாடி இது? இருக்குற உப்பையெல்லாம் கொட்டிருக்க! நம்ம வீட்டு மாப்பிள்ளைக்கு விருந்து வைக்கிறியா, இல்ல அவர ஊறுகா போடுறியா?"

சட்டென்று அழுகை நின்றது. லூக்கா குரல் வந்த பக்கம் திரும்பினான். அம்மாவின் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி, தத்தக்கா பித்தக்கா என்று ஓடி வந்தான்.

ஜெபஷீலாவுக்கு உயிரே போய்விட்டது. தன்னை நோக்கித்தான் வருகிறான்! 'அந்தோணியாரே, காப்பாத்தும்' என்று கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

குழந்தை அவளைத் தாண்டிப் போய், இமானுவேலின் வேட்டியைப் பிடித்து மடியில் ஏறியது. மீசையைப் பற்றி இழுத்து, "மாமா!" என்று கெக்கலித்துச் சிரித்தது.

ஜெபஷீலாவுக்குத் தொண்டை தானாகத் திறந்துகொண்டது. "ஏங்க! இவனுக்கு எப்படிங்க உங்களத் தெரியும்?"

அந்தக் குரலைக் கேட்டதும் லூக்கா மாமனின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "அத்த!" என்று கூவினான்.

இமானுவேல் தாடையைச் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்தார்; ஜெபஷீலா முக்காட்டை இறக்கினாள்.

"மதினி போனை வச்ச அடுத்த நிமிசம் தோட்டத்துல இருந்து அண்ணே கூப்புடுவாக, தெனமும் இதே கூத்துதான்" என்று அனிதா தலையில் கைவைத்துக்கொண்டாள். "ஒருத்தர் பேசுறது மத்தவுகளுக்குத் தெரியக் கூடாதுன்னு ரெண்டு பேரும் என்கிட்டச் சத்தியம் வாங்குனீகளே, அப்படியே இவன்கிட்டயும் ஒண்ணு வாங்கிருக்கலாம்ல?"